ரெய்னோசோ எந்த அணி

இந்த அறையில் இப்போது இருப்பவர்கள் நான்கு பேர். பாளையங்கோட்டையில் கணிதம் கற்பித்துத் தலைமையாசிரியையாக ஓய்வுபெற்ற அன்னபாக்கியம் ஞானாபரணம் ஆகிய நான், என் மகன் செல்வின், அவன் மனைவி ஜெமிமா, டாக்டர் எபனேசர். தொலைக்காட்சிக்குள் ஓடுகிறவர்களை இதில் சேர்க்கவில்லை. ஆட்களைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். வகுப்பில் நான் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசித்தவள் அல்ல. முதல் வாரத்திலேயே பெயர்கள் வரிசையாக மனத்தில் ஏறிவிடும், முகத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிடுவேன், எழுதுவதெல்லாம் பிறகு. அதே முறையில் இப்போது ஹெரான்ஸை வைத்திருக்கிறேன். ஹெரான்ஸ், செல்வின் குடியேறிய இந்த வெளிநாட்டு ஊரின் பேஸ்பால் அணி. நாரைகள் என்று பொருள். தொப்பியில் ஒற்றைக் காலில் ஒரு நாரை நிற்கிறது. அது மீனுக்காக நிற்கிறதா, வேறு போக்கிடம் இல்லாமல் நிற்கிறதா என்பது இந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்தால் விளங்கவில்லை. காலையில் அறுவை செய்த கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டதும், மூடிய கண்ணோடு படுத்தபடி, அணியின் இருபத்தாறு பேரையும் சொல்லிப் பார்ப்பேன்: பந்தெறிகிறவர்கள் முதலில், பின்பு பந்தைப் பிடிக்கிறவர்கள், பின்பு எதிரணி ஓடித் தொடவேண்டிய தளங்களைக் காக்கிறவர்கள், கடைசியில் வெளிக்களத்தார். "அத்தை ஜெயில்ல ஆள் எண்ணுற மாதிரி எண்ணுறாங்க" என்று ஜெமிமா சொன்னது என் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொன்னாள். இன்று காலை இருபத்தைந்துடன் நின்றுவிட்டது. திரும்ப எண்ணினேன், இருபத்தாறு வந்தது. மூன்றாம் முறை எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும், இரண்டு விடை வந்த கணக்கை எந்த மாணவியையும் நான் அப்படியே விட அனுமதித்ததில்லை. இந்த டாக்டர் எலும்பு டாக்டர் என்று செல்வின் அறிமுகப்படுத்தினான். இல்லை, நண்பர் என்றான், டாக்டர் என்றான், நம்ம ஊர்ப்பக்கம் என்றான். எலும்பு என்று அவன் சொன்னானா, என் முழங்காலை நினைத்து நானே சேர்த்துக்கொண்டேனா? ஆனால் இந்த மனிதர் என் முழங்காலைப் பார்க்கவே இல்லை. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிகிறதா என்று பார்க்கிறார். "டீச்சர், எங்க சித்தி உங்ககிட்ட படிச்சவங்க. இன்னைக்கும் உங்க பேரச் சொன்னா எந்திரிச்சு நிப்பாங்க." "அப்போ உட்காரச் சொல்லிக் குடுக்க மறந்துட்டேன்னு அர்த்தம்" என்றேன். சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் என் முகத்திலிருந்து அவர் கண் எடுபடவில்லை.

ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸ். ஹெரான்ஸ் நான்கு, சிவப்புத் தொப்பிக்காரர்கள் மூன்று. பந்தெறிகிறவன் ஹாலோரன், தாடி நரைத்தவன், அவனுடைய வேகம் போய்விட்டது என்று இந்த ஊர் முழுக்கப் பேசுகிறது. வேகம் போகட்டும். வேகம் இல்லாதவன் மூலையைப் பார்த்து எறியக் கற்றுக்கொள்கிறான், இவன் கற்றுக்கொண்டிருக்கிறான். முதல் ஐந்து இன்னிங்ஸுக்கு இவனைப்போல இந்த அணியில் எவனும் இல்லை. ஐந்து இன்னிங்ஸ்காரனை ஆறாவதுக்கும் அனுப்புகிறவன்தான் முட்டாள். இந்த நிர்வாகத்தின் குறையே அதுதான்: யார் எதற்குப் பயன்படுவான் என்று பார்ப்பதில்லை, யாருடைய பெயர் போட்ட சட்டை விற்கும் என்று பார்க்கிறது. மட்டை பிடிப்பவர்களில் மூன்று பேர் வருகிற பந்தையெல்லாம் சுழற்றி அடிக்கிறார்கள். நல்ல பந்து எது, விடவேண்டிய பந்து எது என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் பந்தெறியவென்று வைத்திருக்கிற இளைஞர்கள் எட்டாவது இன்னிங்ஸில் மட்டும் தவறாமல் தோற்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே இந்த அணியை நிமிர்த்தி வைத்திருப்பவன் ஒருவன்தான், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையில் நிற்கிற ரெய்னோசோ. இன்று அவன் இடத்தில் யாரோ ஒரு புதுப்பையன் நிற்கிறான். ரெய்னோசோவுக்கு ஓய்வு கொடுத்திருப்பார்கள். தொலைக்காட்சியின் ஒலியை அடக்கி வைக்கச் சொன்னவள் நான்தான். வருணனையாளர்கள் இருவரும் ஓயாமல் பேசுகிறார்கள், கண்ணால் பார்ப்பதைக் காதாலும் கேட்கவேண்டிய அவசியமில்லை. "இப்போ எத்தனாவது இன்னிங்ஸ் டீச்சர்? எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணுமே புரியாது." "எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க?" "இருபது வருஷம் ஆகுது." "இருபது வருஷத்துல புரியாததா இன்னைக்குச் சாயங்காலம் புரியப்போகுது? ஆறாவது." ஜெமிமா மிக்சர் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் எடுத்துக்கொண்டு, அமைதியாக, "ஆட்டம் ஆரம்பிச்சப்போ யாரு முதல்ல அடிச்சாங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேர்வு எழுத வைத்துத்தான் நான் வாழ்நாளைக் கழித்திருக்கிறேன், என்னை உட்கார வைத்துத் தேர்வு நடத்தினால் எனக்குத் தெரியாதா? இது வாய்மொழித் தேர்வு. முதல் கேள்வி எளிது, இரண்டாவது கொஞ்சம் பின்னுக்குப் போகிறது, மூன்றாவது இன்னும் பின்னுக்குப் போகும். செப்டம்பரில் நான் ஊருக்குப் போகவேண்டும், என் வீட்டில் என் சாவியைப் போட்டு என் கதவைத் திறக்கவேண்டும் என்று சொன்னபோது, "டாக்டர் சரின்னு சொல்லட்டும்மா, அன்னைக்கே டிக்கெட் போட்டுடுறேன்" என்று செல்வின் சொன்னான். கண் டாக்டரைச் சொல்கிறான் என்று நினைத்தேன். கண் டாக்டரைச் சொல்லவில்லை. போன மாதம் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பிய நான் பக்கத்து வீட்டுக்குள் போய், சோபாவை ஏன் இடம் மாற்றினாய் என்று அங்கிருந்த பெண்ணைக் கண்டித்த நாளிலிருந்து இது தொடங்கியிருக்க வேண்டும். அதில் என் பிழை என்ன? இந்தத் தெருவில் வீடுகளை ஒரே அச்சில் வார்த்து வரிசையாக வைத்திருக்கிறார்கள், அதே படி, அதே சாம்பல் கதவு. பூட்டாமல் வைத்திருந்தது அவள் பிழை. ஆனால் சோபா மட்டும் அல்லாமல் சுவரிலிருந்த படங்களும் வேறாக இருந்தனவே, அவற்றைப் பார்த்த பிறகும் நான் ஏன் சோபாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்? அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஹாலோரன் எதிரணியில் இரண்டு பேரைத் தளத்துக்கு விட்டுவிட்டான். அணியின் மேலாளர் படியேறி மைதானத்துக்குள் நடக்கிறார், ஓடுவதில்லை, இந்த ஆட்டத்தில் அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. பந்தெறிகிற மேட்டுக்குப் போய்க் கையை நீட்டுவார். பந்து கையில் இருக்கிறவன் அதை அந்தக் கையில் வைத்துவிட்டு வெளியேறவேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, தூக்கி எறியக் கூடாது, இன்னும் ஒருவனுக்குப் போடுகிறேன் என்று கெஞ்சினால் கூட்டம் சிரிக்கும். ஹாலோரன் கொடுத்தான். நான் ஒப்புக்கொள்கிறேன், சரியான முடிவு, ஓர் இன்னிங்ஸ் தாமதம். "பாவம்" என்றாள் ஜெமிமா. "பாவமெல்லாம் இல்ல. ஐந்தாவதோட நிறுத்தியிருந்தா கைதட்டோட போயிருப்பான்." "வயசாச்சும்மா அவனுக்கு" என்றான் செல்வின், திரையைப் பார்த்துக்கொண்டே. "வயசு ஒரு காரணமில்ல. பந்து எங்க விழுதுன்னு பாரு." அவன் என் பக்கம் திரும்பினான். கொஞ்ச நாளாகவே அவன் ஆட்டத்தை என்னோடு பார்க்கிறானா, என்னைப் பார்க்கிறானா என்பது தெரியவில்லை. மே மாதத்தில் நான் வந்த புதிதில் இந்த ஆட்டம் எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவன்தான் கையை நீட்டி நீட்டி விளக்கினான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவன் என்னிடம் அத்தனை நேரம் பேசியது அப்போதுதான். அலுவலகத்திலிருந்து வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல், "அம்மா, ஸ்கோர் என்ன?" என்பான். நான் சொல்வேன். தவறாகச் சொன்னதே இல்லை. இல்லையா? கண் அறுவைக்குப் பின் வாசிக்கக் கூடாது என்று உத்தரவு, அந்த வாரம் முழுவதும் அவன்தான் காலையில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினான், யாருக்குத் தோள்வலி, யார் சிறு ஊர் அணிக்கு அனுப்பப்பட்டான், யார் திரும்ப வந்தான். இந்த நாட்டில் அணி என்பது ஒரு வகுப்பு அல்ல. ஜூன் மாதம் சேர்ந்த பிள்ளை மார்ச் வரை இருப்பாள் என்ற நிச்சயம் இங்கே கிடையாது, ஜூலை கடைசி வரை யாரையும் யாருக்கும் கொடுத்து வாங்கலாம். வரிசையை மனப்பாடம் செய்தவள் ஒவ்வொரு நாளும் வரிசையைக் கலைத்து அடுக்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் இருபத்தைந்தும் இருபத்தாறும். அதனால்தானா? புதிதாக வந்த பந்தெறிகிறவன் இரண்டே பந்தில் ஆபத்தைத் தீர்த்துவிட்டான், இனி நாரைகளின் மட்டை. டாக்டர் சாய்வாக உட்கார்ந்து, மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டே, "சரி டீச்சர், உங்க டீம்ல உங்களுக்குப் பிடிச்ச ஆளு யாரு?" என்றார். பிடிப்பது பற்றிய கேள்வி அல்ல அது. ஆனால் இதில் எனக்குத் தயக்கமில்லை. "ரெய்னோசோ. பந்து மட்டையில பட்ற சத்தம் நமக்குக் கேக்குறதுக்கு முன்னாடி அவன் கால் நகர்ந்திருக்கும். இந்த டீமுக்கு முதுகெலும்பு அவன்தான். இன்னைக்கு ரெஸ்ட் குடுத்திருக்காங்க போல." ஜெமிமா செல்வினைப் பார்த்தாள். நம் ஆள் ஒருவன் பந்தைத் தரையோடு பலமாக அடித்தான், பந்து இடப்பக்கம் பாய்ந்தது, கடந்துவிட்டது என்று நினைத்தபோது ஒரு கை, தரையோடு தரையாக நீண்ட ஒரு கை, விழுந்த வாக்கிலேயே பிடித்து முழங்காலில் எழுந்து முதல் தளத்துக்கு எறிந்தது. அந்த எறிதலை நான் எங்கும் அடையாளம் காண்பேன். "பார்த்தீங்களா! அதுதான் ரெய்னோசோ!" கைதட்டினேன். இரண்டு முறை, மூன்று முறை. நான் மட்டும் தட்டினேன். திரையில் அவன் எழுந்து மார்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தான். தொப்பி சிவப்பாக இருந்தது.

"அம்மா." செல்வின் குரல். "ரெய்னோசோ இப்போ அந்த டீம். ட்ரேட் பண்ணிட்டாங்கல்ல." நான் கையை மடியில் வைத்தேன். "எப்போ?" "போன வாரம். நான் சொன்னேன்ல. நேத்துகூட நாம பேசினோமேம்மா." டாக்டர் கடலையைத் தட்டிலேயே போட்டார். நேற்று. நேற்று என்ன செய்தேன்? காலையில் சொட்டு மருந்து. மதியம் கீரை. கீரை நேற்றா? நேற்று அவன் வீட்டில் இருந்தானா? போன வாரம், காலை, இந்தச் சோபாவின் இந்த ஓரம், கண்ணில் கட்டு, அவன் எதிரில் செய்தித்தாளோடு, தாளைத் திருப்புகிற ஓசை. "ரெய்னோசோவ குடுத்துட்டாங்கம்மா." ஆம், அப்படித்தான் சொல்லியிருப்பான், அவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். என் கையில் காப்பி. நீல விளிம்பு வைத்த கோப்பை, அதை நான் மேசையில் வைத்த சத்தம். "யாருக்குப் பதிலா?" என்று கேட்டிருப்பேன். "ரெண்டு சின்னப் பசங்க." "முட்டாளுங்க." முட்டாளுங்க என்று சொன்னேன், கேட்கிறது, என் குரலிலேயே கேட்கிறது. சொல்லியிருப்பேன் என்பது ஊகம், சொன்னேன் என்பது நினைவு. இரண்டுக்கும் நடுவில் கோடு போடத் தெரியாதவள் அல்ல நான். ஆனால் கோட்டை எங்கே போடுவது? முதலில் கோப்பை இல்லை, இப்போது கோப்பை இருக்கிறது. கண்ணில் கட்டு இருந்தது என்றால் கோப்பையின் விளிம்பு நீலம் என்பதை எந்தக் கண்ணால் பார்த்தேன்? மற்றக் கண்ணால். மற்றக் கண் திறந்துதானே இருந்தது. அப்படியானால் அவன் சொல்லியிருக்கிறான், நான் மறந்திருக்கிறேன், மறந்ததை இப்போது மீட்டுவிட்டேன், அது நல்லதா கெட்டதா? இவர்கள் எனக்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள்? பொய் சொல்லுகிற வழக்கம் செல்வினுக்குக் கிடையாது. சின்ன வயதில் பக்கத்துப் பிள்ளையின் விடைத்தாளைப் பார்க்கச் சொல்லி அடித்தால்கூடப் பார்க்கமாட்டான், என் பள்ளியில் என் பிள்ளை என்று அவனுக்கு ஒரு பயம் இருந்தது, அந்தப் பயத்தை நான்தான் வைத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. அவன் சொன்னான் என்றால் சொன்னான். என் வீடு. பின்கட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், யாரும் அடைத்திருக்கமாட்டார்கள். அந்த வீட்டில்தான் அவர் விழுந்தார், இவனுடைய அப்பா, நான் நாகர்கோவிலில் என் தங்கை வீட்டில் இருந்தேன், மறுநாள் பால்காரர் தட்டியும் கதவு திறக்காததால் அக்கம்பக்கத்தைக் கூட்டியிருக்கிறார். செல்வினுக்கு ஒரு விமானம் தவறி அடுத்ததும் தாமதமாகி அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே கல்லறைக்கு வந்தான், பெட்டியோடு நின்றான், மண் இன்னும் ஈரமாக இருந்தது, நான் அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. இப்போது அது ஏன் வருகிறது? நான் ரெய்னோசோவைப் பற்றி அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அவனை விற்றது மடமை, எந்தக் கணக்கிலும் மடமை, அதைச் சொன்னபோது நான் எப்படி வருத்தப்படாமல் இருந்தேன், அதைத்தான் மறந்தேனா? "டீச்சர்," டாக்டர் குரலைத் தாழ்த்தி, வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையிடம் நான் பேசுவதுபோலப் பேசுகிறார், "செல்வின் சொன்னது இப்போ ஞாபகம் வருதா? அவசரமே இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க." வருகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னான் என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. கோப்பை, தாள், அவன் குரல், எல்லாம் முழுதாக, ஒழுங்காக இருந்தன.

"அவரு சொல்லல" என்றாள் ஜெமிமா. இந்த வீட்டில் எனக்காக யாராவது பேசுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தால் அவளைக் கடைசியில் வைத்திருப்பேன். நானும் அவளும் ஒருவரையொருவர் மதிக்கிறோம், அதற்கு மேல் முயன்றதில்லை. செல்வின் திரும்பினான். "என்ன?" "அத்தைகிட்ட நீங்க சொல்லவே இல்ல. அடுக்களையில வச்சு என்கிட்டதான் சொன்னீங்க. கண்ணு ஆறுற வரைக்கும் அம்மாகிட்ட சொல்லாத, அழுதா கண்ணுக்கு ஆகாதுன்னீங்க." "நானா அழுவேன்?" என்றேன். "நீங்க அழமாட்டீங்க அத்தை. அவருக்குத் தெரியல." பிறகு அவனிடம், குரலை உயர்த்தாமல், "நேத்து பேசினோம்னு வேற சொல்றீங்க. நேத்து நீங்க ஆபீஸ்ல இருந்து வரும்போது அத்தை படுத்தாச்சு. நான்தான் உங்களுக்குச் சோறு வச்சேன். மறந்துட்டீங்களா?" செல்வின் மறக்கவில்லை. அவன் முகத்தை எனக்குப் படிக்கத் தெரியும். மறந்தவன் முகத்தில் தேடல் இருக்கும், இவன் முகத்தில் தேடல் இல்லை. அப்படியானால் அவன் அறிந்துதான் சொன்னான். என்னைத் தவறவைக்க ஒரு கேள்வியைத் தானே தயாரித்து வைத்துக்கொண்டு, அல்லது தயாரிக்காமல், என் கைதட்டல் கிடைத்ததும் அந்தக் கணத்தில் பிடித்துக்கொண்டு. எதற்கு? தேர்ச்சி பெறுவதற்காகப் பார்த்து எழுதுகிறவர்களைப் பிடித்திருக்கிறேன். ஒருவரைத் தோற்கவைப்பதற்காக விடைத்தாளைத் திருத்துகிறவர்களையும், மிகச் சிலரை, பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பகை இருந்தது. இவனுக்கு என்ன பகை? என்னைச் சுமையாக நினைத்தால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவதுதானே எளிது, தோற்கவைத்தால் நான் இங்கேயே அல்லவா இருப்பேன். அந்த வாக்கியம் என் மனத்தில் ஒருமுறை போய்த் திரும்பி வந்து நின்றது. நான் அதைத் தொடவில்லை. "நீங்க எலும்பு டாக்டர்தானே?" என்று எபனேசரைக் கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றார். நல்ல மனிதர், முகம் சிவந்திருந்தது. எழுந்து கொள்வதா உட்கார்ந்திருப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. "செல்வின், எனக்கு இதுல ஒண்ணும் தப்பா படல. தெருவுல எல்லா வீடும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, நானே கதவ மாத்தித் தட்டப் பாத்தேன். டீச்சர் ஊருக்குப் போகலாம். தனியா இருக்கலாம். நீ டிக்கெட் போடு." நான் கேட்ட விடை. இத்தனை மாதமாகக் கேட்ட விடை, ஒரு சாட்சியோடு, என் பக்கம். எனக்குள் நிமிர வேண்டியது எதுவும் நிமிரவில்லை. நீல விளிம்புக் கோப்பை இன்னும் அங்கேயே இருக்கிறது. அவன் சொல்லவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும், ஆனாலும் அவன் சொல்வது கேட்கிறது, தாள் திரும்புகிறது, முட்டாளுங்க என்கிறேன். நடக்காத ஒரு காலையை, என் மகன் சொன்ன ஒரே காரணத்துக்காக, அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் கட்டி முடித்துவிட்டேன். ஜெமிமா அரை நொடி தாமதித்திருந்தால் அதற்குக் கையெழுத்தும் போட்டிருப்பேன். டாக்டர் இதைத்தான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டேன், அது வழக்கமா, இப்போது உண்டாக்கிக்கொண்டதா என்று சரிபார்க்கவில்லை. நான் தலையசைத்தேன். "செப்டம்பர் முதல் வாரம்" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது.

திரையில் யாரோ ஓடினார்கள், யாரோ விழுந்தார்கள், மூலையில் எண்கள் மாறின, நான்கு ஐந்தாயிற்றா மூன்று நான்காயிற்றா நான் பார்க்கவில்லை. செல்வின் ரிமோட்டைச் சோபாவின் கையில் வைத்தான். அது நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. ஓர் இன்னிங்ஸ் முடிவதற்கு முன் அவன் எழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்தான். ஜெமிமாவைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான், ஒரு விமானம் முழுக்க உட்கார்ந்தே வந்தவன் பார்ப்பதுபோல. உட்கார் என்று சொல்ல நினைத்தேன். அந்த ஒரு சொல்லால் எத்தனையோ பேரை உட்கார வைத்திருக்கிறேன். ஆனால் அது இப்போது கட்டளையாக வெளிவருமா, வேறு எதுவாக வருமா என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாத சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. அவன் கார் சாவியை எடுக்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பைத் தாண்டி, வெறுங்காலோடு, சாம்பல் கதவைத் திறந்து வெளியே போனான்.